கோட்டை ஸ்டேஷனில் ஒரு பிஸ்கற் ரின்

காலை ஐந்து மணிக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் நூறாம் நம்பர் பஸ் ஏறினேன். நெற்றியில் பொட்டில்லை, தனியே வெளிக்கிட்டால் அந்த நாட்களில் தமிழரென்று தெரியாமலிருக்க அழித்துவிட்டுத்தான் போவோம். கையில் துணியால் கட்டிய பிஸ்கற் ரின், அந்தத் தகரப் பெட்டிக்குள் பயற்றம்பணியாரம். மூன்று வருஷமாய்க் காணாத தம்பி, வன்னியிலிருந்து புலிகளிடம் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்திருந்தான். பின்னேரம் அவன் திரும்பிவிட வேண்டும். காலை ரயிலை விட்டால் அவனையும் விட்டமாதிரித்தான்.

கோட்டை ஸ்டேஷன் வெள்ளைக்காரன் கட்டியது. ஒரு காலத்தில் இங்கே இரவு மெயிலில் ஏறிக் கண்ணயர்ந்தால் யாழ்ப்பாணத்தில்தான் விழிப்போம். சண்டை தொடங்கிய பிறகு ரயில் வவுனியாவோடு நின்றுவிட்டது, சுமார் இருநூற்றைம்பது கிலோமீற்றர்.

ரயில் பிந்தும் என்றார்கள். மர வாங்கில், அநுராதபுரத்துக்குத் துணி கொண்டுபோகும் மாளிகாவத்தை முஸ்லிம் நானா ஒருவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நான் டீச்சர் என்றும் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்றும் கதைத்துக்கொண்டிருந்தேன். பிறகு இடம் பிடிக்க ரின்னை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன். எங்கள் ஊர் பஸ்ஸில் யன்னலால் பையை எறிந்து சீற் பிடித்த கை! தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அன்றைக்குச் சுடுகாடு கிட்டத்தான் இருந்தது.

திரும்பி வந்தால் விசில் சத்தம். என் ரின்னைக் குண்டு என்று நினைத்துச் சனமெல்லாம் சுவரோரம் ஒதுங்கிவிட்டது. துவக்கோடு ஒரு ஆமிப் பெடியன். வாங்கில் நானா மட்டும், ரின்னில் கை வைத்தபடி.

சனத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். என்னைப் பிடித்துக்கொண்டு போனால் தம்பியைக் காண முடியாது.

“டீச்சர், இங்க வாங்க. பயப்பட வாணாம்,” என்றார் நானா. ஆமிக்காரனிடம் சிங்களத்தில், “மல்லி, மேக மே நோனாகே,” என்றார். தம்பி, இது இந்த அம்மாவுடையது.

திறக்கச் சொன்னான். முடிச்சை அவிழ்த்தேன். அப்போதும் நானா எழும்பவில்லை. வறுத்த பயறு மணந்தது. ஆமிக்காரன் சிரித்துக்கொண்டு போய்விட்டான். நானாவுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

“உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியாமலே இருந்தனீங்களோ?”

“எனக்கு எப்படித் தெரியும்? நானும் எழும்பி ஓடினா ஒங்களத்தானே புடிச்சிட்டுப் போவாங்க,” என்று சொல்லிப் பணியாரத்தைக் கடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மத்தியானம் வவுனியாவில் தம்பி மெலிந்துபோய் நின்றான். ரின்னைத் திறந்ததும் பழைய குறும்பு வந்தது.

“என்னக்கா, ஒண்டு குறையுது? வழியில திண்டிட்டியளோ?”

“ஓமடா, ஒண்டு குறையும். உன்னை எனக்குக் காட்டினவர் திண்டவர்.”