மண்ணுக்குள் மறைத்த ஒட்டு

கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் தபால் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘குச்சி’. உடம்பு என்னவோ பீப்பாய். யார் வீட்டுக்குப் போனாலும் வேலியிலிருந்து ஒரு சாண் குச்சியோடு திரும்புவார். கணுவுக்குக் கீழே சாய்வாக ஒரு வெட்டு. இலைகளைக் கிள்ளி, மணல் கலந்த மண்ணில் செருகி, மேலே கண்ணாடிக் குடுவையைக் கவிழ்ப்பார். ஆறே வாரத்தில் செடி. அலுவலக ஜன்னல்களில் பூப்பவை எல்லாம் அவர் கைவண்ணம்தான். கூடவே ஓர் உபதேசமும் உண்டு: “வேர் விட்டுச்சான்னு பிடுங்கிப் பாக்காதீங்க. குழந்தை தூங்குதான்னு எழுப்பிப் பாக்கற மாதிரி அது.”

அவருடைய அக்காவின் வீடு விற்றுப்போனது. வாங்கியவர்கள் இடித்துக் கட்டப்போகிறார்கள். வாசல் கம்பிக் கதவின் மேல் படர்ந்திருந்த ரோஜா, அக்காவின் கணவர் தன் கையால் வைத்தது. அவர் போய் நாலு வருடம் ஆகிவிட்டது.

“ஒண்ணே ஒண்ணு பிழைச்சாப் போதும்டா,” என்றாள் அக்கா.

“ஒண்ணா? பத்து தரேன் பாரு,” என்று மார்தட்டினார் குச்சி.

பத்துக் குச்சிகளும் இரண்டாம் வாரமே துளிர்த்தன. துளிரை நம்ப முடியாது. தண்டில் மிச்சமிருக்கும் சத்திலேயே இலை வந்துவிடும். இது தெரிந்ததால்தான் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊருக்குச் சொன்ன உபதேசத்தைக் காற்றில் விட்டுவிட்டு, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார், மறுபடி செருகினார். நூல்போல எட்டிப் பார்த்த வேர்களும் அவர் விரலிலேயே அறுந்தன. பத்தும் கறுத்தன. இன்னும் நாலு வெட்டி வரலாம் என்று ஓடினால், செடி இருந்த இடத்தில் செங்கல் குவியல்.

அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அவரோ நாற்றுப்பண்ணைக்குப் போய் அதே கருஞ்சிவப்பில் ஒரு கொடி ரோஜா வாங்கினார். அது காட்டு ரோஜாவின் மேல் ஒட்டுப்போட்ட செடி. ஒட்டிய இடம் அடித்தண்டில் புடைத்துக்கொண்டு நிற்கும். குச்சியிலிருந்து வந்த செடிக்கு அந்தப் புடைப்பு இருக்காது. தொட்டியை மாற்றி, புடைப்பு மூழ்கும் மட்டும் மண்ணைப் போட்டு அமுக்கினார்.

புது வீட்டு வாசலில் தொட்டியை வாங்கிக்கொண்டு அக்கா அழுதாள். அவரோ வராத அழைப்புக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு மாதம் கழித்து அக்கா கூப்பிட்டாள். “மொட்டு விட்டிருக்குடா. ஆனா ஒரு சந்தேகம், வந்து பாரு.”

மாடி முகப்பில் இருந்த செடியின் அடித்தண்டில் நீலத் துணியால் கட்டுப் போட்டிருந்தாள்.

“மண்ணு ரொம்ப ஏறியிருந்துச்சுன்னு வாரினேன். உள்ள ஒரே வீக்கம். அடி பட்டிருக்கும் போல. மாமாவோட சட்டையைக் கிழிச்சுக் கட்டினேன். சரியாக் கட்டியிருக்கேனா?”

‘பூச்சி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிவிடலாம். துணி ஓரத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கியது.

“அது காயம் இல்லக்கா. ஒட்டு. இது கடைச் செடி.”

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். “அப்ப நம்ம செடி?”

“பத்தும் போச்சு. வேர் வந்துச்சான்னு பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தே கொன்னுட்டேன்.”

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கற வாயி.”

“ஆமா.”

“தினமும் இதுகிட்ட அவர் பேரைச் சொல்லிப் பேசறேன்டா. போன்ல உங்கிட்டயும் சொன்னேன். ‘நல்லது’ன்னு சொன்னே.”



அக்கா குனிந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. உதவிக்குக் கை நீட்டினார்.

“தொடாதே.”

அவர் கையை இழுத்துக்கொண்டு, அவள் நகத்தால் நெம்பி நெம்பி அதை அவிழ்த்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.