சாலையில் விட்ட கல்

அன்று சாலையில் நெல் காயவைத்தது நானும் அம்மாவும். அப்பா ஒரத்தநாட்டுக்கு மாட்டை டாக்டரிடம் காட்டப் போயிருந்தார். வண்டிகள் நெல்லில் ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நெல்லை அள்ளியதும் கற்களை எடுப்பது என் வேலை. மழை வரும் அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். அதில் ஸ்கூட்டர் மோதி, பள்ளி முடிந்து வந்த ஆசிரியை ஒருவர் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்; சட்டக் கல்லூரி மாணவன். அடுத்தவருக்குக் காயம் வராமல் பார்த்துக்கொள்ளும் கடமையும், அதை மீறுவதும், அதனால் வரும் பாதிப்பும் எனக்குப் பாடம்தான். ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஆசிரியையின் அண்ணனிடம், "அவங்க வேகமா வந்தாங்க சார்" என்றேன்.

"ரோட்டுல கல்லைப் போட்டுட்டுப் பேச்சைப் பாரு. ஸ்டேஷனுக்கு வா, அங்க பேசிக்கலாம்."

கேஸ் ஆனால் என் படிப்பு போய்விடும் என்று பயந்து, அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

கட்டுப் போட்ட கையோடு ஆசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி சொல்றது நெசம்தாண்ணே. மழைக்கு முந்திடணும்னு முறுக்கிட்டு வந்தேன். மெதுவா வந்திருந்தா கல்லு கண்ணுல பட்டிருக்கும்." பிறகு என்னிடம் கேட்டார்: "ஆனா கல்லு உங்களோடதுதானே?"

"ஆமாங்க டீச்சர். நான்தான் எடுக்காம விட்டேன்."

"அப்ப செலவு ஆளுக்குப் பாதி. விடுண்ணே."

வழக்கில் ஜெயிக்கத்தான் நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். வலியில் துடிக்கிறவர் தன் பங்குத் தவறையும் தானே எடுத்துச் சொல்வதை அன்றுதான் பார்த்தேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் முழுச் செலவும் எங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். எங்கள் பாதியாக நாங்கள் கட்டியது ஒன்பதாயிரம் ரூபாய்.