வலது, வலுது

நாலு வயதில் என் மகளுக்குப் பாடப் புத்தகம் சின்ன வெங்காயம்தான். பிழைக்க வந்த மலையாள ஊரில், மட்டாஞ்சேரியில், என் வீட்டுக்காரர் சமையல் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு நான் வீட்டிலிருந்தே வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். சாம்பாருக்குப் பெருசு, தாளிக்கப் பொடிசு. உரித்ததை இரண்டு முறத்தில் பிரித்துப் போடுவது அவள் வேலை. ஒன்றுகூட மாறி விழாது. சமயத்தில் என் பங்கிலும் கைவிட்டு, "இது பொடிசும்மா, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று எடுத்து மாற்றுவாள். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு பெருமை. கண் பட்டுவிடும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

நானாக உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். சோற்றில் இடது கையை வைக்க வருவாள். "சாப்பிடுற கை வலது. அந்தப் பக்கம் பூராவும் வலது" என்று சொல்லி வைத்தேன். ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் மழையில் சுள்ளிக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்த்தோம். ஓணத்துக்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். டீச்சர் ஓர் அட்டையை நீட்டினார். அதில் இந்தப் பக்கம் யானை, அந்தப் பக்கம் எலி.

"மோளே, இதில் ஏதா வலுது?"

வலுது என்றால் மலையாளத்தில் பெரியது. என் மகள் எலியின் மேல் விரலை வைத்தாள். அடுத்த அட்டையில் பலாப்பழமும் நெல்லிக்காயும். நெல்லிக்காயைத் தொட்டாள். மூன்றாவதில் புல்லும் தென்னையும். தென்னையைச் சரியாகத் தொட்டாள். ஏதோ குருட்டாம்போக்கில் தொட்டதாகத்தான் டீச்சர் எடுத்துக்கொண்டார்.

அவர் நல்லவர்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை. "வீட்டில் ஒண்ணும் பறஞ்ஞு கொடுக்காறில்லே, சேச்சி?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் எதுவும் சொல்லித் தருவதில்லையா என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. சுற்றி மற்ற அம்மாக்கள் நின்றிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் இரண்டு வெங்காயத்தை வைத்து "எது பெருசு?" என்றேன். தலையைக்கூடத் தூக்காமல் சரியாகத் தொட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வீட்டுல புலி, வெளியில எலியா நீ?" என்று எலியைத் தொட்ட கையிலேயே ஓர் அடி வைத்தேன். அதோடு விட்டிருந்தால் தேவலை. ஒரு மாதம் தினமும் இதே கதைதான். பள்ளிக்கூடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டு வருவாள், வீட்டில் சரியாகச் சொல்லிவிட்டு அடி வாங்குவாள். பிடிவாதம் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் எரிச்சலில் டீச்சர் மாதிரியே ராகம் போட்டுக் கேட்டேன்: "இதில் ஏதா வலுது?" சின்னதைத் தொட்டாள். வெங்காயங்களை இடம் மாற்றி வைத்தேன். இப்போது பெரியதைத் தொட்டாள். மறுபடி மாற்றினேன், மறுபடி சின்னது. அவள் விரல் வலப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

"நீதானம்மா சொன்ன, சாப்பிடுற கைப் பக்கம் வலதுன்னு" என்றாள்.

காலையில் ஓடிப்போய் டீச்சரிடம் சொன்னேன். அவர் "அய்யோ, பாவம்!" என்று அவளைக் கட்டிக்கொண்டார். வலுது என்றால் பெருசு என்று இரண்டு பேரும் நூறு முறை சொல்லிக் கொடுத்தோம். தலையாட்டினாள்.

மறு வாரம் டிரில் பீரியடில் "வலது கால்!" என்றிருக்கிறார்கள், மலையாளத்திலும் வலது வலதுதான். எல்லாப் பிள்ளைகளும் காலைத் தூக்க, இவள் குனிந்து இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். வீட்டுக்கு வந்து, "எனக்கு எந்தக் காலும்மா பெருசு?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிற்காமல், அவளை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரிகளிடமும் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவள் முறத்தின் பக்கம் வரவில்லை. கூப்பிட்டு உட்கார வைத்தால் பெருசும் பொடிசும் ஒன்றாகவே போட்டாள்.

இப்போது இரண்டாம் வகுப்பு. மலையாளம் அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். வலதும் வலுதும் அவளுக்குக் குழம்புவதே இல்லை. வாய்ப்பாடு கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பாள். ஆனால் இதில் எது அதிகம், எத்தனை குறைவு என்று யார் கேட்டாலும் அப்படியே நின்றுவிடுகிறாள். எண்ணிப் பார்க்க மணி கோத்துக் கொடுத்துப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ட்யூஷனுக்கு அனுப்பினேன். ட்யூஷன் அக்கா இரண்டே மாதத்தில் கையை விரித்துவிட்டாள். கணக்கு இவளுக்கு வராது என்று புது டீச்சரும் சொல்லிவிட்டார். வந்ததுதான், நான்தான் அடித்து விரட்டினேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

முந்தாநாள், கோபமே படக்கூடாது என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு, சிலேட்டில் ஏழும் பத்தும் எழுதினேன். தமிழிலேயே மெதுவாகக் கேட்டேன், "எது பெருசுடா கண்ணு?"

அவள் சிலேட்டைப் பார்க்கவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். என் முகத்தையே பார்த்தாள்.

"உனக்கு எதும்மா வேணும்?" என்றாள்.