அப்லாராவிலிருந்து ஆரம்பிங்க

2003-ஆம் வருடம், புனேயில் மழை வலுத்திருந்த ஒரு ஜூலை மாதம். பிம்ப்ரியில் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். நிக்டியில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் மகள். தென் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுத ஆள் தேடிய ஒரு கம்பெனி, ஸ்பானிஷ் வாய்மொழித் தேர்வில் தேறினால் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. தேறாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கே திரும்புவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

பொழுது போகாமல் படிக்க ஆரம்பித்த பாஷை, சோறு போடவேண்டிய பாஷையாகிவிட்டது! மற்றதெல்லாம் ஓரளவு வந்தது. ஒன்று மட்டும் என் உயிரை வாங்கியது. "அவள் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டேன்" என்பது போல, பழைய ஆசையையோ சந்தேகத்தையோ சொல்லும்போது, அந்தப் 'பேச' ஸ்பானிஷில் 'அப்லாரா' என்று தனி உருவம் எடுக்கும். நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்கொரு வால் வேறு.

எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். சின்ன வகுப்பில் வாய்ப்பாடு படித்த அதே ராகத்தில், தலையை ஆட்டி ஆட்டி உருப்போட்டேன். "அப்லாரா, அப்லாராஸ், அப்லாரா, அப்லாரமோஸ், அப்லாரைஸ், அப்லாரன்!" சாம்பார் கொதிக்கும்போதும் இதுதான், பஸ்ஸிலும் இதுதான். தினமும் பக்கத்தில் உட்காரும் மராத்திப் பெண்மணி ஒருநாள் பயபக்தியோடு, "இது எந்த சாமியோட மந்திரம்?" என்று கேட்டார். "வேலை கிடைக்கிற மந்திரம்" என்றேன். உடனே கையெடுத்துக் கும்பிட்டார்.

தேர்வு நாள் வந்தது. எதிரே ஸ்பெயினிலிருந்து வந்த ஓர் அம்மா, நரைத்த குட்டை முடி. பேர், ஊர் எல்லாம் மளமளவென்று சொல்லிவிட்டேன். "சின்ன வயதில் உங்கள் அப்பா உங்களிடம் என்ன எதிர்பார்த்தார்?" என்றார். பதில் தெரியும். அக்காவும் நானும் வீட்டில் இங்கிலீஷ் பேச வேண்டும் என்று அப்பாவுக்குக் கொள்ளை ஆசை. "அப்பா ஆசைப்பட்டார், நாங்கள்..." வரை வந்தேன். அதோடு வாய் அடைத்துக்கொண்டது. 'நாங்கள்' வரிசையின் நடுவில் அல்லவா இருக்கிறது? ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டாலே, ஓரேழு ஏழிலிருந்து நடந்து வந்தால்தான் எனக்கு விடை வரும்.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். போச்சு, எல்லாம் போச்சு! கோயம்புத்தூர் ரயில் கண்முன் வந்து நின்றது. என்ன தோன்றியதோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை ஆட்டி, சத்தமாகவே ராகம் போட்டேன். 'அப்லாரமோஸ்' வந்ததும் லபக்கென்று பிடித்து வாக்கியத்தை முடித்தேன்.

கண்ணைத் திறந்தால், அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். எனக்கு மானமே போனது. அவரோ என்னைப் போலவே தலையை ஆட்டிக்கொண்டு, "தோஸ் போர் உனோ, தோஸ்... தோஸ் போர் தோஸ், குவாத்ரோ" என்று பாட ஆரம்பித்துவிட்டார். அட, இரண்டாம் வாய்ப்பாடு! ராகம் வேறு, ஆட்டம் அதே. அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தானாம். "எனக்கும் இன்னும் ஏழெட்டு முதலிலிருந்து போனால்தான் வரும். அவசரமே இல்லை, நிதானமாகச் சொல்லுங்கள்" என்றார். அப்புறம் 'சாப்பிட', 'வாழ' எல்லாம் கேட்டார். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து தொடங்கி எட்டிப் பிடித்தேன். அதுவரை அவர் காத்திருந்தார்.

தேறிவிட்டேன்! நிக்டி பஸ் ஸ்டாப்பில் கணவர் குடையோடு நின்றிருந்தார்.

"என்னாச்சு கண்ணு?"

"மூட்டை கட்ட வேண்டாமுங்க."

அவர் விட்ட பெருமூச்சு மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

சில மாதம் கழித்து, சூப்பர்வைசராக இருந்த கணவரைச் சாதாரண ஆபரேட்டராகச் சேரச் சொல்லி இன்னொரு தொழிற்சாலை கூப்பிட்டது. "இந்த வயசுல மறுபடி முதல்ல இருந்தா?" என்று முகம் வாடினார். "அப்லாராவுல இருந்து ஆரம்பிங்க, அப்லாரமோஸ் தானா வரும்" என்றேன். சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்றும் எங்காவது நடுவில் தடுமாறி நின்றால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்த அந்த முகத்தை நினைத்துக்கொள்கிறேன். முதலிலிருந்து தொடங்க வெட்கமே வருவதில்லை.