ஓடைச் சில்லையும் நாலாச் சில்லையும்

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் உள்ள தமிழர்களுக்கு, இன்று காலை நடந்தது இது.

கோந்த்வாவில் நம் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள ஓடையை ஒட்டிப் புதிய சாலை வரப்போகிறது. அருகிவரும் பச்சைச் சில்லை என்ற சிறு குருவி அங்கே இருக்கிறதா என்று முன்கூட்டியே கணக்கெடுக்க ஓர் ஆய்வாளர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். குடியிருப்பின் சார்பில் சாட்சியாக நான் உடன் சென்றேன்.

கோரைப்புல்லில் இரண்டு பச்சைச் சில்லைகள் அமர்ந்து பாடின. ஆய்வாளர் தொலைநோக்கியில் பார்த்துப் பூரித்துப்போனார். பிறகு படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினார்.

“இப்பத்தானே பாத்தீங்க?” என்றேன்.

“பாத்தனுங்க மேடம். ஆனா ஓடைக்கரையில இருக்குதான்னுதானுங்க கேட்டிருக்காங்க. மேப்புல இது ‘ஓடா’ இல்லீங்க, ‘நாலா’.”

மராத்தியில் ஓடா என்றால் ஓடை. நாலா என்றால் இங்கே எல்லோருக்கும் சாக்கடைதான்.

“அப்ப ரெண்டும் சாக்கடையில உக்காந்து பாடுதா?”

“ஆமாங்க. சாக்கடைக்குப் படிவத்துல கட்டமே இல்லீங்க. நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா…”

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தேன். பறவையைத் தவறாக அடையாளம் கண்டவர்கள் எத்தனையோ பேர். சரியாகக் கண்டபின் இல்லை என்று எழுதியவரை இன்றுதான் பார்த்தேன்.

கையெழுத்திட மறுத்தேன்.

“பரவால்லீங்க, வாட்ச்மேன்கிட்ட வாங்கிக்கறேன்” என்றார். வாங்கியும் விட்டார்.

குடியிருப்பவர்கள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாமாம். நாளை காலை ஆறரைக்கு ஓடைக்கரைக்கு வந்து, கண்ணால் பார்த்து, என்னோடு கையெழுத்திட யார் யார் வருகிறீர்கள்?

பதிலுக்கு அழுகிற எமோஜிப் பொம்மை மட்டும் போடுபவர்கள் தூங்கலாம்.