மாமி வீட்டுத் தண்ணீர்

எங்கள் வீட்டுப் பெண்களில், துணைக்கு ஆள் இல்லாமல் மோட்டார் பஸ்ஸில் ஏறி களியக்காவிளையிலிருந்து கோட்டாறு வரை போன முதல் ஆள் நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது. இதை இன்றைக்கும் நாலு பேர் கூடும் இடத்தில் சொல்லிக்கொள்வேன். கேட்கிறவர்கள் சலித்துக்கொண்டாலும் விடமாட்டேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. கோட்டாற்றிலிருந்த மாமியை, அதாவது அப்பாவின் ஒரே தங்கையை, அழைப்பதுதான் பாக்கி. பாகம் பிரித்தபோது ஒரு தென்னைமரத்தின் பேரில் மூண்ட சண்டையில் இரண்டு வீட்டுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. சண்டை உள்ள வீட்டில் எங்கள் ஆட்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். குடித்தால் சண்டை தீர்ந்தது என்று பொருள். அப்பா போகமாட்டார், அம்மாவையும் போகவிடமாட்டார். மாமி இல்லாமல் கல்யாணத்தை நடத்தவும் அவருக்கு மனம் வரவில்லை. அக்காவோ, மாமி வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று அழுதாள். கடைசியில் கடிதத்தைக் கொடுத்து என்னை அனுப்புவதாக முடிவாயிற்று. வீட்டிலேயே கெட்டிக்காரி யார் என்பதை ஒருவழியாகக் கண்டுகொண்டார்கள் என்று நினைத்தேன்.

புத்திமதி சொல்லத் தெருவே திரண்டது. அவர்களில் ஒருவர்கூடத் தனியாக மோட்டாரில் ஏறியதில்லை. டிரைவருக்குப் பின்னால் உட்கார வேண்டும், தூங்கக் கூடாது, பெயரைக் கேட்டால் சொல்லக் கூடாது. அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. “மக்கா, வீடு வந்து சேருறது வரைக்கும் ஆரு என்ன தந்தாலும் வாங்கப்பிடாது. பச்சத் தண்ணி கூடத் தொடப்பிடாது.”

நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். தக்கலையில் பக்கத்திலிருந்த அம்மாள் ஆசையாக நீட்டிய மட்டிப்பழத்தை வேண்டாம் என்றேன். பஸ் கடைசியாக நின்ற வடசேரியில் இறங்கி, உச்சி வெயிலில் கோட்டாற்றுக்கு வழி கேட்டுக் கேட்டு நடந்தேன். தொண்டை வறண்டு போயிற்று. ஆனாலும் நான் தலையை நிமிர்த்தி நடந்த நடையை யாராவது பார்த்திருக்க வேண்டும்.

மாமி வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே ஓடி ஒரு செம்புத் தண்ணீரும் தட்டு நிறைய முந்திரிக்கொத்தும் கொண்டுவந்தாள்.

“குடி மக்கா.”

“வேண்டாம் மாமி.”

“ஏன்?”

“பச்சத் தண்ணி கூடத் தொடப்பிடாதுன்னு அப்பா சொல்லி விட்டிருக்காவ.” சொன்ன சொல் தவறாத பிள்ளை என்று மெச்சுவாள் என்று எதிர்பார்த்தேன்.

மாமியின் முகம் கறுத்துவிட்டது. “பச்சப்பிள்ளைக்கிட்டயா சொல்லி விட்டிருக்காவ? இத நான் நேருல கேக்கணும்” என்றாள். உடனே நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் பிடித்த கையை அவள் விடவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் எங்கள் வீட்டு நடுமுற்றத்தில் வந்து நின்றாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் அங்கே கால் வைத்தது அன்றைக்குத்தான்.

“எனக்க வீட்டுத் தண்ணி விஷமா அண்ணே?”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். காலையில் எல்லாரும் எனக்குச் சொன்ன புத்திமதிகளை நான் ஒன்றுவிடாமல் ஒப்பித்து, ஒன்றைக்கூட மீறவில்லை என்றேன். முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு அக்கா. மாமிக்கும் சிரிப்பு வந்தது, அதை அடக்கப் பார்த்து அழுதுவிட்டாள்.

அப்பா தாமே கிணற்றில் இறைத்துச் செம்பை அவளிடம் நீட்டினார். அவள் பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மீதியை அவர் குடித்தார். குடித்து முடித்தவர் செம்பைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

தனியாகப் போன மகள் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாளே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டத்தில் போய் அவர் கையைப் பிடித்து, இனிமேல் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் பயப்படாமல் என்னை அனுப்பலாம் என்று தைரியம் சொன்னேன்.