வேகாத பாஸ்தாவும் என் பாராட்டும்

போன சனிக்கிழமை மதியம், ஆறு மேஜை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு இத்தாலியர் என் மானத்தை வாங்கினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்... எட்டு மாதம் முன்பு இதே பக்கத்தில், குன்னூரில் புதிதாகத் திறந்த ஒரு குட்டி இத்தாலிய உணவகத்தைப் பற்றி ஆஹா ஓஹோ என்று எழுதியிருந்தேன். 'பல்லோடு செல்லமாக மல்லுக்கட்டும் பாஸ்தா' என்று ஒரு வரி வேறு. எழுதிவிட்டு நானே இரண்டு முறை படித்துப் பார்த்து ரசித்த வரி. இப்போது நினைத்தாலே கூசுகிறது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அந்த உணவகத்தை நடத்துவது ஒரு குடும்பம் — சிவலிங்கம், அவர் மனைவி மல்லிகா, ஐந்தாவது படிக்கும் மகள் தர்ஷினி. வெலிங்டன் போகிற சாலையில், அவர்கள் குடியிருக்கும் வீட்டின் கீழே கார் ஷெட்டாக இருந்த இடத்தில் ஆறு மேஜை. மகள் பெயரையே கடைக்கு வைத்துவிட்டார்கள். பெங்களூரில் தர்ஷினி என்றால் நின்றுகொண்டே டிபன் சாப்பிடும் ஓட்டல் என்று இவர்களுக்கு யார் சொல்வது? சீசனில் கர்நாடகா வண்டிகள் வந்து நிற்கும். இறங்கியவுடன் முதல் கேள்வி — "மசாலா தோசே இதெயா?"

சிவலிங்கத்தின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே அனுப்பப்பட்டு, இந்த மலையிலும் தேயிலையே பறித்தவர்கள். இலங்கையிலேயே தங்கிவிட்ட பெரியப்பா மகன் ஒருவர் எப்படியோ இத்தாலி போய்ச் சேர்ந்து, இவருக்கு இருபத்து மூன்று வயதானபோது இவரையும் அழைத்துக்கொண்டார். பலெர்மோ — கடலோர ஊர். பாத்திரம் கழுவ ஆரம்பித்து, பாஸ்தா அடுப்புக்கு உயர்ந்து, பன்னிரண்டு வருடம். நடுவில் ஒரு லீவில் கல்யாணம். இன்னொரு லீவில் மகளுக்குப் பெயர் வைத்தார். மற்றபடி தர்ஷினிக்கு அப்பா என்றால் செல்போனில் தெரிகிற முகம்.

போதும் என்று வந்துவிட்டார். மூன்று பேரும் ஒன்றாக இருக்கத்தான் இந்த உணவகமே.

திறந்த வாரமே நானும் கணவரும் போனோம். குழாய் குழாயாக இருக்கும் பென்னே பாஸ்தா வந்தது. சாஸ் பிரமாதம்! தக்காளி, பூண்டு, மல்லிகா பின்பக்கத் தொட்டியில் வளர்க்கும் பேசில் இலை. தட்டு வரும்போதே மணத்தது. ஆனால் பாஸ்தா...? கடித்தேன். நடுவில் நறுக்கென்றது. பச்சை மாவு வாசனை.

"வேகலையே!" என்றார் என் கணவர். அவருக்கு மெதுவாகப் பேச வராது. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

சிவலிங்கம் காதில் விழுந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணே, இதுக்குப் பேரு அல் டென்டே. பல்லுக்குக் கொஞ்சம் வேலை குடுக்கணும். கொழைய வேக வெச்சா அங்க தட்டைத் திருப்பி அனுப்பிருவாங்க. ஒம்பது நிமிசம்... ஒரு நிமிசம் கூடாது, கொறையாது." சட்டைப் பையிலிருந்து பலெர்மோவில் வாங்கிய டைமரை எடுத்துக் காட்டினார்.

"ஆமாமா, நான்கூடப் படிச்சிருக்கேன்" என்றேன். படித்திருந்தேன்தான். கடித்ததில்லை.

யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டு ரசத்தில் உப்பு துளி குறைந்தால் பந்தியிலேயே தீர்ப்புச் சொல்கிற நாக்கு நம்முடையது. அதே நாக்கு, 'இது வெளிநாட்டுப் பக்குவம்' என்று சொல்லிவிட்டால் கப்சிப். சமையல் சரியில்லையோ என்று சந்தேகப்பட மாட்டோம்... நமக்குத்தான் ருசிக்கத் தெரியவில்லையோ என்று சந்தேகப்படுவோம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய்க் கட்டுரையே எழுதினேன். அவர்கள் அதைக் கத்தரித்து, கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டினார்கள்.

ஒருநாள் சிவலிங்கத்திடம் கேட்டேன் — "நீங்க உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லையே?"

"ஐயோ அக்கா, பன்னெண்டு வருசம் அதத்தானே தின்னேன்! இனி சாகுற வரைக்கும் சோறும் பருப்பும்தான்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்த நேரத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இரண்டாவது முறை வரவில்லை. மிஞ்சியது எங்களைப் போல நாலைந்து பேர். நாங்களும் சாஸுக்காகவும், இவர்கள் முகத்துக்காகவும் போனவர்கள்.

போன மாதம் மார்க்கெட்டில் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பத்துப் பெண். எப்போதும் கலகலப்பாக இருப்பவர். அன்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"ஏனுங்க்கா, ஒரு ஒதவி பண்ணோணுமுங்க. இவரு மறுக்கா இத்தாலி போறேங்கறாருங்க. கூட வேல செஞ்ச மார்கோன்னு ஒருத்தரு, இப்ப சொந்தமா ஓட்டல் வெச்சிருக்காராம். ஊட்டி சுத்திப் பாக்க வாராரு. அடுப்புக்கு நீயே வந்துருன்னு கூப்புடுறாரு. பாப்பா ராத்திரி அவிங்கப்பா சட்டையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா... அவரு வர்ற அன்னிக்குக் கட நெறையா ஆளு இருந்தா, இங்கயே நல்லா நடக்குதுன்னு உட்டுருவாருங்கல்ல?"

எத்தனை வெள்ளந்தியான திட்டம்! ஆனால் மறுக்க மனம் வருமா? நான் போன் போட்டு ஆள் திரட்டினேன். வெலிங்டனிலிருந்து ஓய்வு பெற்ற ராணுவ சுபேதார் குடும்பத்தோடு வந்தார். ஜெகதளா பள்ளி டீச்சர் தன் தோழிகளோடு வந்தார். சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆறு மேஜையும் ஃபுல்.

மார்கோ வந்தார். நாற்பது வயது இருக்கலாம், நெடுநெடுவென்று உயரம். சிவலிங்கத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். சுபேதார் அவசரமாகத் தண்ணீர் குடித்தார்.

தர்ஷினி நேராக மார்கோ முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், எங்கப்பாவைக் கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

மார்கோவுக்குத் தமிழ் தெரியாது. குழந்தை ஏதோ வரவேற்புச் சொல்கிறது என்று நினைத்துச் சிரித்தபடி, மொழிபெயர்ப்புக்காகச் சிவலிங்கத்தைப் பார்த்தார். சிவலிங்கம் டைமரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

ஒன்பது நிமிடம் கழித்து டைமர் அடித்தது. ஸ்பகெட்டி வந்தது. நாங்கள் எல்லோரும் அவரவர் தட்டை விட்டுவிட்டு மார்கோவின் வாயைப் பார்த்தோம். அவர் சுற்றினார், வாயில் வைத்தார், கடித்தார். கடிப்பதை நிறுத்தினார்.

பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சங்கடமாக இத்தாலிய மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். சிவலிங்கத்தின் முகம் வெளுத்துப் போனது.

"என்ன சொல்றாரு?" என்றார் மல்லிகா.

"வேகலைங்கறான்" என்றார் சிவலிங்கம்.

"அப்பாடா!" என்று ஒரு குரல் கேட்டது. என் கணவர்தான். இந்த முறை நான் காலை மிதிக்கவில்லை.

சிவலிங்கம் டைமரைத் தூக்கிக் காட்டினார். பாஸ்தா பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். அதே பாஸ்தா, அதே ஒன்பது நிமிடம்! மார்கோவும் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு பலெர்மோ சமையல்காரர்கள் சேர்ந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள்.

மல்லிகாவால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, இந்த மலையில பருப்பு வேகோணும்னாலே குக்கர் வேணுமுங்க. இங்க தண்ணி சட்டுனு கொதிக்கும், ஆனா அதுல சூடு பத்தாதுங்க. கீழ ஒம்பது நிமிசம்னா இங்க பன்னெண்டு பதிமூணு ஆகாதா? சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமுங்களே!"

சின்னப் பிள்ளைக்குத் தெரியும். சிவலிங்கத்துக்கு எப்படித் தெரியும்? இங்கே இருந்தவரை அவர் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அடுப்பைத் தொட்டதே இத்தாலியில், கடல் மட்டத்தில். ஊருக்குத் திரும்பும்போது செய்முறையைக் கொண்டுவந்தார். அந்த ஊர் வெந்நீரைக் கொண்டுவர முடியுமா?

"தெரிஞ்சு ஏன் சொல்லல?" என்றார் சிவலிங்கம். கோபமில்லை, கிட்டத்தட்ட கெஞ்சல்.

"சொன்னனுங்களே! ஒனக்கு இத்தாலி தெரியாதுன்னீங்க. அப்பறம்..." மல்லிகா கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த என் கட்டுரையைப் பார்த்தார். "அக்காவே பேப்பர்ல எழுதிட்டாங்க. அத்தன படிச்சவிங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் தெரியலைன்னு வாய மூடிக்கிட்டனுங்க."

சிவலிங்கம் என் பக்கம் திரும்பினார்.

"அக்கா... நீங்களாவது சொல்லிருக்கலாமே?"

வாசகர்களே, இருபது வருடமாக வாரம் தவறாமல் எழுதுகிறேன். அந்த ஒரு கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். நல்லவள் என்று பெயர் வாங்கத்தான் பாராட்டினேன். விவரமானவள் என்று காட்டிக்கொள்ளத்தான் எழுதினேன். அந்த இரண்டு ஆசையும் சேர்ந்து ஒரு குழந்தையின் அப்பாவை விமானம் ஏற்றப் பார்த்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

"தப்பு பண்ணிட்டேன், தம்பி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் டைமரை அணைத்து மேஜை மேல் வைத்தார். உள்ளே போனார். மல்லிகாவும் போனார். கதவு திறந்தே இருந்தது... இருவரும் பாத்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று, ஒவ்வொரு இழையாக எடுத்து ஊதிக் கடித்துப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சங்க." "இப்ப?" "இன்னுங் கொஞ்சம்." "இப்ப?" மல்லிகா தலையாட்டினார்.

இரண்டாவது தட்டு வந்தது. மார்கோ கடித்தார், இந்த முறை நிறுத்தவில்லை. தின்று முடித்து, ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்தெடுத்து அதையும் தின்றார். சுபேதார் குடும்பம் தலை நிமிரவில்லை. என் கணவர் இன்னொரு தட்டு கேட்டார். எட்டு மாதத்தில் முதல் முறை! சிவலிங்கமும் கடைசியில் ஒரு தட்டு போட்டுக்கொண்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

கிளம்பும்போது மார்கோ, மாதக் கடைசி வரை இடம் காத்திருக்கும், யோசித்துச் சொல் என்றாராம். மல்லிகா என்னிடம் சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நல்ல பாஸ்தா ஒரு தட்டு வந்துவிட்டால் கடை நிறைந்துவிடுமா என்ன? போனவர்கள் போனவர்கள்தானே?

ஞாயிற்றுக்கிழமை காலை கடை வாசலில் தர்ஷினியின் கையெழுத்தில் ஒரு போர்டு — 'முன்பு வந்தவர்கள் இன்னொரு முறை வாருங்கள். பாஸ்தா சரியாக வேகவில்லை. தப்பு எங்களுடையது.' நான் உங்கள் முன் செய்ய எட்டு மாதம் ஆன காரியத்தை அந்தக் குடும்பம் ஒரே ராத்திரியில் செய்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, வார நாளில், மூன்று மேஜை நிறைந்தது. அன்று சாயங்காலமே சிவலிங்கம் மார்கோவுக்குப் போன் போட்டுவிட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"வரலைன்னுட்டேன். இப்பத்தான் எங்க ஊருல தண்ணி காய வைக்கவே கத்துக்கிட்டு இருக்கேன், பொறவு எப்படி வர்றதுன்னு சொன்னேன்."

கட்டுரையை இறக்கிவிடச் சொன்னேன். சாஸைப் பற்றி எழுதியது உண்மைதானே, இருக்கட்டும் என்கிறார் மல்லிகா. நான்தான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்காருகிறேன்.

நேற்று சிவலிங்கம், காபி சேர்த்த இத்தாலிய இனிப்பான டிராமிசு புதிதாகப் போட்டிருப்பதாகச் சொல்லி, ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றார். ஒரு வாய் சாப்பிட்டேன். காபி கூடிப் போய்க் கசந்தது. வழக்கம்போல 'பிரமாதம்' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "கசக்குது தம்பி" என்றேன்.

மனிதருக்கு முகம் சுருங்கிவிட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை.

அன்று எனக்கு இனிப்பு கிடைக்கவில்லை. போகட்டும்... ஆள் ஊரில்தானே இருக்கிறார், நாளைக்குச் சமாதானம் செய்துகொள்ளலாம்.